பழைய வீட்டில் டெக் தடுப்பும் மாடிப்படிக் கைப்பிடியும் மாற்றும்போது எந்த விதி பொருந்தும்?

ஆல்ஃபரெட்டா வாசி

எல்லோருக்கும் வணக்கம். அட்லாண்டாவின் வடக்குப் புறநகரில் 1988-இல் கட்டிய தனி வீடு. பின்பக்கம் நிலம் சரிவதால் பேஸ்மென்ட் கதவு நேராகத் தோட்டத்துக்குத் திறக்கிறது. அதற்கு மேலே, தரையிலிருந்து 9 அடி உயரத்தில் டெக் (மரத் தளம்). இரண்டு வேலைகள் செய்ய வேண்டும்.

டெக் 12 அடிக்கு 16 அடி. ஒரு 16 அடிப் பக்கம் வீட்டுச் சுவரோடு ஒட்டியது. ஓரத் தடுப்பின் உயரம் 34 அங்குலம், கம்புகளுக்கு நடுவே 5½ அங்குல இடைவெளி. 4×4 போஸ்ட்களின் (தூண்களின்; 4×4, 2×10 என்பவை மரக்கடையில் சொல்லும் அங்குல அளவுகள்) அடிப்பகுதியைப் பாதிக்கு வெட்டி, 2×10 ரிம் ஜாயிஸ்டின் (டெக்கின் ஓரச் சட்டத்தின்) மேல் உட்காரவைத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு லேக் ஸ்க்ரூ (தடித்த மரத் திருகு) அடித்திருக்கிறார்கள். மூன்று போஸ்ட்கள் கையால் தள்ளினாலே ஆடுகின்றன. கீழே இறங்கும் படிக்குப் படுக்கவைத்த 2×6 பலகைதான் கைப்பிடி.

உள்ளே மாடிப்படியில் ஓக் மரக் கைப்பிடி, 32½ அங்குல உயரம். 1¼ அங்குல மரக் கம்புகளை எடுத்துவிட்டு ½ அங்குல இரும்புக் கம்பிகள் போடலாம் என்று எண்ணம். கூடவே மாடியில் கார்பெட்டை எடுத்து ¾ அங்குல மரத்தரையும் போடுகிறோம்.

விலை கேட்டபோது ஒரு ஒப்பந்தக்காரர், "பழைய வீடு, கட்டிய வருஷத்து விதிதான் பொருந்தும், பெர்மிட் தேவையில்லை" என்கிறார். இன்னொருவர், தொட்டால் முழுவதையும் இன்றைய விதிக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறார். எது சரி? வீட்டில் 2 வயதுக் குழந்தை இருக்கிறது. கோடையில் ஊரிலிருந்து அப்பா அம்மாவும் வருகிறார்கள்.

விதிநூல்

இருவர் சொன்னதிலும் பாதிப் பாதிதான் சரி.

ஐஆர்சி எனப்படும் குடியிருப்புக் கட்டட விதியை ஜார்ஜியா மாநிலம் தன் திருத்தங்களோடு ஏற்றிருக்கிறது. அதில் ஆர் 102.7 பிரிவுதான் உங்கள் கேள்விக்கு அடிப்படை. அன்றைய விதிப்படி ஒழுங்காகக் கட்டிய பகுதி, ஆபத்தான நிலையில் இல்லாதவரை, அப்படியே இருக்கலாம். புதிதாகச் செய்யும் வேலை மட்டும் புது வீட்டுக்குரிய விதிக்கு ஒத்துப்போக வேண்டும். அந்த வேலையால் வீடு முன்பிருந்ததைவிட விதியிலிருந்து விலகிப் போகவும் கூடாது. இந்த மூன்றாவது நிபந்தனையைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

உடைந்த இரண்டு கம்புகளை அதே அளவில் மாற்றுவது பழுதுபார்ப்பு. யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. போஸ்ட்களோடு தடுப்பை முழுதாக எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பது புது வேலை. அங்கே 34 அங்குலமும் 5½ அங்குல இடைவெளியும் செல்லாது. ஆடுகிற போஸ்ட்டுக்குப் 'பழையது, இருக்கட்டும்' என்ற சலுகையும் கிடையாது, அது ஆபத்தான நிலை.

அளவுகளுக்குப் போகும் முன் ஒரு சொல் விளக்கம். நாம் எல்லாவற்றையும் ரெய்லிங் என்கிறோம். விதியோ இரண்டாகப் பிரிக்கிறது. விளிம்பிலிருந்து விழாமல் காப்பது தடுப்பு, அதாவது கார்டு. படியில் ஏறும்போது கையால் பற்றுவது கைப்பிடி, அதாவது ஹேண்ட்ரெயில். இரண்டுக்கும் அளவு வேறு, ஒரே மரம் இரண்டு வேலையையும் செய்தாலும் இரண்டு கணக்கிலும் தேற வேண்டும்.

தடுப்பு எங்கே கட்டாயம்: விளிம்பிலிருந்து வெளியே 36 அங்குல தூரத்துக்குள் எந்த இடத்திலாவது தரை 30 அங்குலத்துக்கு மேல் தாழ்ந்திருந்தால். விளிம்புக்கு நேர் கீழே மட்டும் அளந்தால் போதாது என்பதால் சரிவு நிலத்தில் இது முக்கியம். உயரம் தளத்தில் 36 அங்குலம், படிச் சரிவில் படிகளின் முன்விளிம்புகளை இணைக்கும் கோட்டிலிருந்து 34 அங்குலம், இரண்டுமே குறைந்தபட்சம். இடைவெளியில் 4 அங்குலப் பந்து நுழையக் கூடாது. படியின் திறந்த பக்கத்துக்கு 4⅜ அங்குலம். படியும் கீழ்ச் சட்டமும் சேர்ந்து உண்டாகும் முக்கோணத்தில் 6 அங்குலப் பந்து நுழையக் கூடாது. வலிமை: மேல் சட்டத்தில் எந்த இடத்திலும் 200 பவுண்டு விசை, நடுக் கம்புகளில் ஒரு சதுர அடிக்கு 50 பவுண்டு.

கைப்பிடி: நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட எழுச்சிகள் (ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறும் உயரம் ஒரு எழுச்சி) உள்ள படிக்கு ஒரு பக்கமாவது கட்டாயம். உயரம் 34 முதல் 38 அங்குலம். சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே குறைந்தது 1½ அங்குலம். மேல் எழுச்சிக்கு நேர் மேலிருந்து கடைசி எழுச்சிக்கு நேர் மேல்வரை அறுபடாமல் ஓட வேண்டும். முனைகள் சுவரை நோக்கித் திரும்பியோ போஸ்ட்டில் போய் முட்டியோ முடிய வேண்டும். அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் முந்தானையோ துப்பட்டாவோ பை வாரோ சிக்கினால் ஆளையே இழுத்துவிடும்.

பெர்மிட்: ஐஆர்சி விலக்கு தருவது 200 சதுர அடிக்கு மிகாத, தரையிலிருந்து 30 அங்குலத்துக்கு மேல் உயராத, வீட்டோடு ஒட்டாத, வெளியேறும் கதவுக்குப் பயன்படாத டெக்குக்கு. உங்களுடையது 192 சதுர அடி என்றாலும் 9 அடி உயரம், வீட்டோடு ஒட்டியது. எனவே விலக்கு இல்லை. உங்கள் நகரத்தின் (நகர எல்லைக்கு வெளியே என்றால் கவுன்ட்டியின்) கட்டடத் துறைக்கு எழுதும்போது "ரெய்லிங் மாற்றுகிறேன்" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "9 அடி உயர டெக்கில் தடுப்புப் போஸ்ட்களை ரிம்மோடு புதிதாகப் பிணைக்கிறேன், பெர்மிட் வேண்டுமா, எத்தனை ஆய்வு, எந்த ஆண்டுப் பதிப்பு, உள்ளூர்த் திருத்தம் உண்டா" என்று கேளுங்கள். எழுத்தில் வரும் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு உரிமையாளர் சங்கம் இருந்தால் அவர்கள் அனுமதி தனி, அது பெரும்பாலும் நிறத்துக்கும் தோற்றத்துக்கும்தான்.

மரவேலை மணி

விதிநூல் அண்ணா சொன்ன 200 பவுண்டுதான் டெக்கில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கம்பு, சட்டம் எதுவும் அவ்வளவு எளிதில் முறியாது. போஸ்ட் ரிம்மோடு சேரும் இடம்தான் பிய்த்துக்கொண்டு வரும்.

கணக்குப் பாருங்கள். 2×10-இன் உண்மையான ஆழம் 9¼ அங்குலம். மேல் போல்ட் மேலிருந்து 2 அங்குலத்தில், கீழ் போல்ட் அதற்கு 5½ அங்குலம் கீழே. தளப் பலகை 1 அங்குலம். மேல் சட்டத்திலிருந்து கீழ் போல்ட் வரை 36+1+2+5½, ஆக 44½ அங்குலம். 200 பவுண்டை அதனால் பெருக்கி 5½-ஆல் வகுத்தால் மேல் போல்ட்டில் சுமார் 1,620 பவுண்டு இழுவை. ஒருவர் சாய்ந்தால் ஒரு சிறிய காரின் பாதிக்கு மேற்பட்ட எடை அந்த ஒரு போல்ட்டில் தொங்குகிறது. லேக் ஸ்க்ரூவை விடுங்கள், போல்ட்டே போட்டாலும் ரிம் பலகை ஜாயிஸ்ட் (தளத்தைத் தாங்கும் உத்தரம்) முனைகளில் வெறும் ஆணியால்தான் நிற்கிறது. போஸ்ட் ரிம்மையும் சேர்த்துக்கொண்டு வெளியே புரளும்.

பாதிக்கு வெட்டிய போஸ்ட் இன்னொரு கேடு. தடிமன் பாதியானால் வளைவைத் தாங்கும் திறன் கால் பங்காகிறது, வெட்டு மூலையிலிருந்து விரிசலும் கிளம்பும். 4×4 போஸ்ட்டைச் சேரும் இடத்தில் வெட்டக் கூடாது என்று 2021 ஐஆர்சி நேரடியாகவே சொல்கிறது.

செய்ய வேண்டியது: முழு 4×4 போஸ்ட், ரிம்மை ஒட்டி, ½ அங்குல முழுத்துளை போல்ட் இரண்டு, வாஷரோடு. நீளம் கீழே 6, மேலே 7 அங்குலம் போதும். மேல் போல்ட் ரிம்மைத் தாண்டி உள்ளே ஒரு ஹோல்ட்-டவுன் இரும்பில் (போஸ்ட் பிய்த்துக்கொள்ளாமல் இழுத்துப் பிடிக்கும் இரும்புப் பிணைப்பில்) நுழைந்து முடிய வேண்டும், அந்த இரும்பு ஜாயிஸ்டின் பக்கவாட்டில் திருகப்பட வேண்டும். அமெரிக்க மரச்சங்கத்தின் டிசிஏ 6 கையேடு 1,800 பவுண்டு தாங்கும் இரும்பு கேட்கிறது. சிம்ப்சன் நிறுவனத்தின் டிடிடி2 வகை எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

ஜாயிஸ்ட் ரிம்முக்குச் செங்குத்தாக வரும் முன்பக்கத்தில் இது எளிது. போஸ்ட்டை ஜாயிஸ்டுக்குப் பக்கத்தில் வருமாறு நகர்த்திக்கொள்ளுங்கள். 12 அடிப் பக்கங்களில் ஜாயிஸ்ட் விளிம்புக்கு இணையாக ஓடும். அங்கே போஸ்ட் வரும் இடத்தில் 2×10 துண்டுகளைக் குறுக்கே இரண்டு ஜாயிஸ்ட் இடைவெளிக்குத் தொடர்ந்து வைத்து, இரும்பை அந்தக் குறுக்குக் கட்டையில் திருக வேண்டும். இதற்குத் தளப் பலகை இரண்டு மூன்றைக் கழற்ற வேண்டியிருக்கும். விலை கேட்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். இல்லையேல் பாதி வேலையில் "இது கணக்கில் இல்லை" என்று வரும், பிறகு குறுக்குக் கட்டை இல்லாமலே போஸ்ட் நிற்கும்.

எண்ணிக்கை: போஸ்ட் இடைவெளி 6 அடிக்கு மிகாமல். படி வலப்பக்கத்தில் வீட்டை ஒட்டி 4 அடி திறப்பு என்று வைத்தால் இடப்பக்கம் 3, முன்பக்கம் நடுவில் 2, வல மூலை 1, வலப்பக்க நடுவில் 1, படித் திறப்புக்கு இரு புறமும் 2. ஆக 9. மூலை போஸ்ட்டை இரண்டு திசையிலும் தள்ளலாம், எனவே அதற்கு இரு திசையிலும் இரும்பு. மொத்தம் 11 இரும்புகள். 2×2 கம்பின் உண்மை அளவு 1½ அங்குலம். இடைவெளியைச் சரியாக 4-க்கு வைக்காதீர்கள். பதப்படுத்திய மரம் ஈரத்தோடு வரும், காய்ந்ததும் சுருங்கி இடைவெளி அகலும். 3½ வையுங்கள். தடுப்பு வரும் மொத்தம் 36 அடிக்கு (12+16+8) 80-க்குச் சற்று மேல் வரும், கோணல் மாணலைக் கழிக்க 90 வாங்குங்கள்.

திருகு, போல்ட், இரும்பு எல்லாம் ஹாட்-டிப் கால்வனைஸ்டு அல்லது ஸ்டெயின்லெஸ். இப்போதைய பதப்படுத்திய மரத்தில் தாமிரம் அதிகம், மஞ்சள் பளபளப்புத் திருகுகளைச் சில ஆண்டுகளில் அரித்துவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு ஸ்க்ரூடிரைவரால் ரிம்மையும் சுவரோடு ஒட்டிய லெட்ஜர் பலகையையும் பழைய லேக் துளைகள் இருக்கும் இடங்களில் குத்திப் பாருங்கள். ¼ அங்குலத்துக்கு மேல் எளிதாக இறங்கினால் மரம் உளுத்திருக்கிறது. லெட்ஜர் வெறும் ஆணியில் தொங்கினால் தடுப்பை விட்டுவிட்டு முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

படிக்கட்டு

உள்ளே இருக்கும் மாடிப்படிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பழைய துளைகளிலேயே இரும்புக் கம்பியை நட்டால் விதி மீறும். 1¼ அங்குல மரக் கம்பு, நடுவே 4 அங்குலம் என்றால் மையத்திலிருந்து மையம் 5¼. அதே துளையில் ½ அங்குலக் கம்பி நின்றால் இடைவெளி 4¾ ஆகிவிடும். முன்பு சரியாக இருந்தது இப்போது தவறு. விதிநூல் சொன்ன 'விலகிப் போகக் கூடாது' என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் இல்லை. நடுவில் கூடை வேலைப்பாடு உள்ள கம்பி வாங்கினாலும் மேலும் கீழும் இடைவெளி அப்படியேதான் இருக்கும்.

படிகளிலும் இதே கதை. ஒரு படிக்கு இரண்டு கம்பு என்றால் மையம் 5 முதல் 5¼ அங்குலம். ½ அங்குலக் கம்பியில் இடைவெளி 4½-க்குக் குறையாது, 4⅜-ஐத் தாண்டிவிட்டது. படிக்கு மூன்று கம்பி வேண்டும். 14 படி என்றால் கணக்கு 28-இலிருந்து 42-ஆக ஏறும் என்பதால் விலைப்பட்டியலில் "படிக்கு 3" என்று எழுதி வாங்குங்கள். பழைய துளைகளை அடைப்பதைவிட, படிப் பலகைகளை மாற்றும்போது புதிதாகத் துளையிடுவதே சுத்தமாக வரும்.

கைப்பிடி உயரம் 32½. கம்பியை மாற்ற அதைக் கழற்றித்தானே ஆக வேண்டும். திரும்ப மாட்டும்போது 36-க்கு ஏற்றிவிடுங்கள். படியில் அது தடுப்பின் மேல் சட்டமாகவும் இருப்பதால் 34-க்கும் 38-க்கும் நடுவே இருந்தாக வேண்டும். ஏற்றும்போது நியூவல் போஸ்ட் (படியின் முனையில் கைப்பிடியைத் தாங்கும் தூண்) குட்டையாகிவிடும். அடியில் கட்டை வைத்து உயர்த்தினால் ஆடும். புது போஸ்ட் போடுங்கள், தரைப் பலகையோடு நிறுத்தாமல் கீழே இறக்கி ஜாயிஸ்டிலோ குறுக்குக் கட்டையிலோ போல்ட் செய்யுங்கள். தரைமேல் நிற்கவைத்து நாலு பக்கமும் சாய்வாகத் திருகிய போஸ்ட் 200 பவுண்டுக்கு நிற்காது.

மரத்தரை விஷயம்: மாடி வராந்தாத் தடுப்பு இன்று கார்பெட்டிலிருந்து எவ்வளவு என்று அளக்காதீர்கள். விதிக்குக் கணக்கு முடிந்த தரையிலிருந்து. துணைத்தரைப் பலகையிலிருந்து அளந்து, ¾-உம் அடிவிரிப்பும் கழித்து, மிச்சம் 36 வருகிறதா பாருங்கள். படிகளுக்கும் மரம் போர்த்தினால் முதல் எழுச்சியும் கடைசி எழுச்சியும் மாறிப்போகும். ஒரே படித்தொடரில் மிக உயர்ந்த எழுச்சிக்கும் மிகத் தாழ்ந்ததற்கும் வித்தியாசம் ⅜ அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. பெரியவர்கள் அந்த ஒவ்வாத படியில் எளிதில் தடுக்கி விழுவார்கள்.

அப்பா அம்மா வருகிறார்கள் என்றீர்கள். விதி ஒரு பக்கம் போதும் என்கிறது. சுவர்ப் பக்கமும் ஒன்று போடுங்கள். 1½ அங்குல உருண்டைக் கம்பு, சுவருக்குள் இருக்கும் ஸ்டட்டில் (செங்குத்து மரச்சட்டத்தில்) திருகிய தாங்கிகள். ஜிப்சம் பலகையில் மட்டும் பிடித்த தாங்கி கையோடு வந்துவிடும்.

ஆல்ஃபரெட்டா வாசி

மூவருக்கும் நன்றி. விலைப்பட்டியலை மறுபடி பார்த்தேன், கம்பி எண்ணிக்கை படிக்கு 2 என்றுதான் இருக்கிறது. இன்னும் நான்கு சந்தேகம்:

படுக்கவைத்த 2×6 ஏன் கைப்பிடி ஆகாது? டெக்கில் மரக் கம்புக்குப் பதில் கிடைமட்டக் கேபிள் போடலாமா? தளத்தின் மேலேயே திருகும் அலுமினிய போஸ்ட் செட் வாங்கினால் ரிம் வேலையெல்லாம் மிச்சமாகுமா? கழற்றிய பழைய மரத்தைக் கொல்லையில் எரிக்கலாமா?

மரவேலை மணி

அலுமினிய செட்: மிச்சமாகாது. அதே 200 பவுண்டு அதே 36 அங்குலத்தில்தான் தள்ளுகிறது. 4 அங்குல அடித்தட்டு என்றால் போல்ட்டுகளுக்கு நடுவே 3 அங்குலம்தான், இழுவை இன்னும் கூடும். தளப் பலகையில் மட்டும் திருகினால் பலகையே பெயரும். கீழே குறுக்குக் கட்டை வைத்து, அதற்குள் போல்ட் இறங்க வேண்டும். செட்டோடு வரும் சோதனை அறிக்கையில் எந்தத் திருகு, எத்தனை அடி இடைவெளி, கீழே எவ்வளவு மரம் என்று இருக்கும். ஆய்வுக்கு வருபவர் அதைத்தான் கேட்பார். அலுமினிய அடித்தட்டு பதப்படுத்திய மரத்தை நேராகத் தொடக் கூடாது, நடுவே ரப்பர் அல்லது பிளாஸ்டிக் தகடு வையுங்கள்.

வினைல் உறையை மட்டும் விற்கிறார்கள். அது 4×4-க்குச் சட்டை மாதிரி, வலிமைக்கு உள்ளே இருக்கும் மரம்தான்.

கேபிள்: விதி தடுக்கவில்லை. ஏணி போல் ஏறத்தக்க தடுப்பு கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஐஆர்சியில் ஒரு வரி இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். உள்ளூர்த் திருத்தமாகச் சில இடங்களில் இருக்கலாம். ஆனால் கேபிள் வளையும், 4 அங்குலப் பந்தை அழுத்தினால் விலகி வழிவிடும். அதனால் 3 அங்குலத்துக்கு ஒன்று, போஸ்ட்கள் 3 முதல் 4 அடிக்கு ஒன்று, ஒவ்வொரு கேபிளிலும் 200 பவுண்டுக்கு மேல் இழுவை. 11 கேபிள் என்றால் முனை போஸ்ட்டில் 2,200 பவுண்டு எந்நேரமும் இழுத்துக்கொண்டிருக்கும், 4×4 மரம் வளைந்துவிடும். 9 அடி உயரம், 2 வயதுக் குழந்தை. செங்குத்துக் கம்புதான் போடுங்கள்.

விதிநூல்

2×6 பற்றி. விதி பார்ப்பது பிடிக்குள் அடங்குகிறதா என்பதை. உருண்டை என்றால் விட்டம் 1¼ முதல் 2 அங்குலம். மற்ற வடிவம் என்றால் சுற்றளவு 4 முதல் 6¼, குறுக்களவு 2¼-க்கு மிகாமல். அதைவிடப் பெரியது என்றால் இரு பக்கமும் விரல் பதியும் பள்ளம் வேண்டும். 2×6-இன் உண்மைச் சுற்றளவு 14 அங்குலம், 2×4-க்கு 10. இரண்டிலும் கை மேலே படியும், சறுக்கும்போது பற்ற முடியாது. 2×2-க்குச் சுற்றளவு 6, மூலைவிட்டம் 2⅛. தேறிவிடும். விளிம்புகளை உருட்டித் தேயுங்கள். 2×6 மேல் சட்டமாக இருக்கட்டும், அதற்கு உள்பக்கம் தாங்கிகளில் தனிக் கைப்பிடி போடலாம்.

டெக் படியின் கீழ்ப்பகுதியில், தரையிலிருந்து 30 அங்குலத்துக்குள் வந்துவிட்ட படிகளுக்குத் தடுப்பு கட்டாயமில்லை. கைப்பிடி மட்டும் கடைசி எழுச்சிவரை போக வேண்டும். சிலர் தடுப்பு முடியும் இடத்தில் கைப்பிடியையும் நிறுத்திவிடுகிறார்கள், ஆய்வில் திரும்பி வரும்.

பழைய மரத்தை எரிக்கவே கூடாது. 1988 டெக் என்றால் பெரும்பாலும் சிசிஏ பதப்படுத்தல்தான், அதில் ஆர்சனிக் உண்டு. 2003 இறுதியோடுதான் வீட்டுப் பயன்பாட்டுக்கு அதை நிறுத்தினார்கள். புகையும் சாம்பலும் விஷம். அறுக்கும்போது முகக்கவசம் போடுங்கள், தூளைத் தார்ப்பாயில் சேருங்கள், காய்கறிப் பாத்திக்கு வரம்பாகவும் வைக்க வேண்டாம். கவுன்ட்டி குப்பைக்கிடங்கில் பதப்படுத்திய மரம் என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.

ஆய்வுக்கு நாள் குறிக்கும்போது ஒன்று: போல்ட்டும் இரும்பும் போட்டதும், கழற்றிய தளப் பலகைகளை மூடும் முன்பே ஒரு ஆய்வு கேளுங்கள். மூடிவிட்டால் திறக்கச் சொல்வார்கள். கட்டடத் துறை ஒரே ஆய்வுதான் என்றால் ஒவ்வொரு போஸ்ட்டின் உள்பக்கத்தையும் அளவு நாடாவோடு படம் எடுத்து வையுங்கள்.